எழுதினால் வரும் வயரிங் படம்

வீடானாலும் லாரியானாலும், உள்ளே ஓடும் வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டுவது வயரிங் படம். மும்பையில் வயரிங் வேலை செய்து பிழைக்கும் நம்மவர்கள் பலர். வேலையில் கெட்டிக்காரர்கள்; ஆனால் படம் வரைந்து வைக்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் குறைவு. வேலை செய்தவர் ஊருக்குத் திரும்பிவிட்டால் அவரோடு அந்த விவரமும் போய்விடுகிறது.

ஆண்டாப் ஹில்லில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் தண்ணீர் மோட்டாரின் கண்ட்ரோல் பேனலை அமைத்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் ஊர் போய்ச் சேர்ந்தபின், பேனலைத் திறந்தவர்கள் எல்லோரும் குருடன் யானையைத் தடவியது போலத்தான் தடவினார்கள். ஒருமுறை மிதவை சுவிட்சின் வயர் இடம் மாறிப்போய், மேல்தொட்டி இரவெல்லாம் வழிந்தது. அன்று வீணானது தண்ணீர் மட்டும். மின்சாரத்தில் இதே குழப்பம் உயிரையும் வாங்கும்.

வரைய வேண்டாம், எழுதினால் போதும்

இந்தக் குறையைத் தீர்க்க உதவும் ஒரு மென்பொருள் ‘வயர்விஸ்’. 2020-ல் வெளிவந்தது. மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பயன்படுத்தலாம். படம் வரையத் தெரிய வேண்டியதில்லை. மூன்று பகுதிகளாக விவரம் எழுதினால் போதும்.

முதற்பகுதியில் முனைகள்: மிதவை சுவிட்சில் மூன்று முனை, பேனலில் மூன்று முனை. இரண்டாம் பகுதியில் கேபிள்: மூன்று வயர், கறுப்பு, பழுப்பு, நீலம், நீளம் 30 மீட்டர். மூன்றாம் பகுதியில் இணைப்பு: சுவிட்சின் 1-ஆம் முனை கறுப்பு வயர் வழியாகப் பேனலின் 1-ஆம் முனைக்கு, இப்படியே மற்றவையும். இவ்வளவுதான். கட்டங்களும் வண்ணக் கோடுகளுமாகப் படம் வந்துவிடும். கூடவே, வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலும் வரும். ஒரு வயர் மாறினால் படத்தை அழித்து வரைய வேண்டாம். ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

மெஸ்ஸும் வலைச் சேவையும்

இதில் ஒரு தொல்லை உண்டு. வயர்விஸ் ஓடுவதற்குக் கணினியில் ‘பைத்தான்’ வேண்டும். கட்டங்களை ஒழுங்காக அடுக்கித் தரும் ‘கிராப்விஸ்’ என்ற மற்றொரு மென்பொருளும் வேண்டும். ஏணிமேல் நிற்கும் வயர்மேன் கையில் இருப்பதோ ஒரு மொபைல் போன். அவருக்கு இது எப்படிப் பயன்படும்?

மாட்டுங்காவில் தனியாக அறை எடுத்துத் தங்கும் இளைஞர்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. மெஸ்ஸுக்குப் போகிறார்கள், சாப்பாடு வருகிறது. சமையற்கட்டு அங்கே, பசி இங்கே. வலைச் சேவை என்பதும் அதே ஏற்பாடுதான். மென்பொருளை ஒரு பொதுக் கணினியில் நிறுவிவிடுகிறார்கள். போனிலிருந்து எழுத்து விவரம் இணையம் வழியே அங்கே போகிறது. அது வயர்விஸ்ஸை இயக்கிப் படத்தைத் திருப்பி அனுப்புகிறது. ‘வயர்விஸ்-வெப்’ என்ற திறமூல மென்பொருள் இந்தப் பணிக்கென்றே எழுதப்பட்டது. பலவகைப் படங்களை ஒரே இடத்தில் வரைந்து தரும் ‘குரோக்கி’ என்ற சேவையும் வயர்விஸ்ஸை ஏற்றுக்கொள்கிறது.

அமைப்பவர் கவனிக்க வேண்டியவை

தனக்கென்று வைத்திருந்த கருவியை ஊருக்குப் பொதுவாக்கும்போது பொறுப்பும் கூடுகிறது.

ஒன்று: ஒவ்வொருவர் கோரிக்கைக்கும் தனித் தற்காலிகக் கோப்புறை வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் கேட்ட படம் மற்றவருக்குப் போய்விடும்.

இரண்டு: வயர்விஸ் விவரத்தில், கணினியிலுள்ள ஒரு படக்கோப்பைச் சேர்க்கும்படி எழுத இடமுண்டு. சொந்தக் கணினியில் இது வசதி. பொதுக் கணினியிலோ, அந்நியர் உள்ளிருக்கும் கோப்புகளை எட்டிப் பார்க்க வழியாகும். இதை அடைத்துவிட வேண்டும்.

மூன்று: ஒருவர் ஆயிரக்கணக்கான வயர்களை எழுதி அனுப்பினால் கணினி அதிலேயே முடங்கிக் கிடக்கும். எழுத்தின் அளவுக்கும் வேலை நேரத்துக்கும் வரம்பு வேண்டும்.

நான்கு: தொழிற்சாலையின் வயரிங் விவரம் அதன் உரிமையாளருடைய இரகசியம். வேலை முடிந்ததும் அழித்துவிடுவதே முறை.

தமிழில் வருமா?

நம் வயர்மேன்களில் பலருக்குத் தமிழ்தான் சரளம். முனைகளின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். யூனிக்கோடு இருப்பதால் தடையில்லை. ஆனால் பொதுக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால், படக்கோப்பாக வரும்போது எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்களே நிற்கும். எஸ்.வி.ஜி. வடிவில் வாங்கினால் எழுத்தைக் காட்டுவது நம் போனே. ஆயினும் பெட்டியின் அகலத்தைக் கணிப்பது அந்தக் கணினி. அளவு பிசகிச் சொல் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு நல்ல தமிழ் எழுத்துருவை அங்கே நிறுவினால் இரண்டு குறையும் தீரும்.

உரிமமும் கடமையும்

வயர்விஸ் வெளியாகியிருப்பது ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின்கீழ். நிரலைத் திருத்திப் பிறருக்குக் கொடுத்தால் திருத்திய மூல நிரலையும் கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. சேவையாக மட்டும் நடத்தினால் அந்தக் கடமை எழாது. அந்த இடைவெளியை அடைக்கவே 2007-ல் ஏ.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு வந்தது. அதன்படி, நிரலைத் திருத்தி இணையத்தில் சேவை நடத்துபவரும் பயனாளருக்கு மூல நிரலைத் தந்தாக வேண்டும். பிறர் உழைப்பை இலவசமாகப் பெற்றவர், தாம் சேர்த்ததையும் பொதுவில் வைப்பதுதானே நியாயம்?

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த மென்பொருள் நாம் எழுதியதைத்தான் வரையும். எழுதியது சரியா என்று சோதிக்காது. மின்சுற்று எப்படி வேலை செய்கிறது என்றும் விளக்காது. மெயினை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு வயரையும் சரிபார்த்த பிறகே படத்தை நம்ப வேண்டும்.

பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் கல்லூரி புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலைவதைப் பார்க்கிறேன். தமிழ் எழுத்துருவோடு இப்படி ஒரு சேவையை அமைப்பது நல்ல தலைப்பு. பக்கத்து வயர்மேன் அண்ணாச்சியை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளட்டும். வந்த படத்தை அச்சிட்டு, தேதியும் போட்டுப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிடலாம். பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்கும். அண்ணாச்சியின் நாற்பது வருட அனுபவத்தில் ஒரு பங்காவது அடுத்த தலைமுறையின் கைக்கு வந்து சேரும்.