பழைய ஃபைபர் மோல்டு கிடைத்தால் ஜாக்பாட்டா? அசலா, நகலா என்று கண்டுபிடிப்பது எப்படி?

அசல் கார்கள் சுமார் 6,000. அதைக் காப்பியடித்து வந்தவை 2.5 லட்சத்துக்கும் மேல்! அமெரிக்காவின் ‘மேயர்ஸ் மேங்ஸ்’ காரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது. கடற்கரை மணலில் சீறிப் பாய்வதற்காக உருவான, ‘டியூன் பக்கி’ எனப்படும் குட்டி கார் அது.

இத்தனை நகல்கள் வரக் காரணம் ஒன்றுதான்: மோல்டு. ஒரு பாடியை வைத்து மோல்டு எடுத்துவிட்டால், அதிலிருந்து எத்தனை பாடி வேண்டுமானாலும் வார்க்கலாம். கம்பெனிகள் மூடப்பட்ட பிறகும் அவற்றின் மோல்டுகள் ஷெட்களிலும் பழைய ஒர்க்‌ஷாப்களிலும் தூசி படிந்து கிடக்கின்றன. கஸ்டம் கார் கட்ட நினைப்பவர்களுக்கு அவை புதையல் மாதிரி. ஆனால், கையில் கிடைத்தது அசலா, நகலா? அதிலிருந்து பாடி எடுக்க முடியுமா?

மோல்டுன்னா என்ன?

குழிப்பணியாரச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியின் உள்பக்கம் எப்படி இருக்கிறதோ, அதுதான் பணியாரத்தின் வெளிப்பக்கம். கார் மோல்டும் அப்படித்தான்.

முதலில் மரம், களிமண், பிளாஸ்டர் போன்றவற்றில் காரின் முழு வடிவத்தைச் செய்வார்கள். இதற்கு ‘பிளக்’ என்று பெயர். அதன் மேல் ஃபைபர் கிளாஸ் போர்த்தி, இறுகியதும் கழற்றினால் கிடைக்கும் குழிவான ஓடுதான் மோல்டு. அந்த ஓட்டுக்குள் ஃபைபரும் ரெசினும் அடுக்கினால் புது பாடி ரெடி.

புதிதாக பிளக் செய்ய மாதக்கணக்கில் ஆகலாம். வேறொருவர் விற்ற காரை வாங்கி, அதையே பிளக்காக வைத்தால்? சில நாட்களில் வேலை முடிந்துவிடும். இந்தக் குறுக்குவழிக்கு அந்தத் தொழிலில் ‘ஸ்பிளாஷ்’ என்று பெயர்.

மேயர்ஸுக்கு என்ன நடந்தது?

ப்ரூஸ் மேயர்ஸ் ஃபைபர் கிளாஸ் படகு கட்டியவர். கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் 1964-ல் தன் முதல் பக்கியைச் செய்தார். ‘ஓல்ட் ரெட்’ என்று அழைக்கப்படும் அந்த காரைப் போன்ற முதல் 12 கார்களுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே எல்லா பாரத்தையும் தாங்கியது. செலவு அதிகமானதால் வழியை மாற்றினார். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தளத்தை 14.5 அங்குலம் வெட்டிக் குறைத்து, அதன் மேல் ஃபைபர் பாடியை உட்கார வைத்தார்.

1967-ல் மெக்சிகோவின் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி, அதுவரை பைக் வைத்திருந்த சாதனையை முறியடித்தது மேங்ஸ். ஆர்டர்கள் குவிந்தன. கூடவே நகல்களும். காப்புரிமை வைத்திருந்த மேயர்ஸ் கோர்ட்டுக்குப் போனார். அந்தக் காப்புரிமையே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் ஸ்பிளாஷ் எடுக்கலாம் என்ற நிலை. 1971-ல் அவருடைய கம்பெனி மூடப்பட்டது.

2014-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ‘ஓல்ட் ரெட்’ இடம்பிடித்தது. மேயர்ஸ் 2021 பிப்ரவரியில், 94 வயதில் மறைந்தார்.

எந்த காரின் மோல்டு இது?

முதல் வேலை, டேப் எடுத்து அளப்பது. முன் சக்கர வளைவின் மையத்திலிருந்து பின் சக்கர வளைவின் மையம் வரை அளந்தால் வீல்பேஸ் தெரிந்துவிடும். பீட்டிலின் வீல்பேஸ் 2,400 மி.மீ. மோல்டில் அதே அளவு வந்தால், வெட்டாத பீட்டில் அடித்தளத்துக்கான பாடியாக இருக்கலாம். சுமார் 2,030 மி.மீ. வந்தால் மேங்ஸ் மாதிரி குட்டை பக்கி. ஆனால் மேங்ஸின் நகல்களும் அதே அளவுதான். எனவே டேப் மட்டும் போதாது.

அடுத்து, உள்பக்கம் எழுத்தோ லோகோவோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மோல்டில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாக இருக்கும். போனில் போட்டோ எடுத்து ‘ஃப்ளிப்’ செய்தால் படித்துவிடலாம்.

பெயர் கிடைத்தாலும் அவசரப்படக் கூடாது. மோல்டுகள் கைமாறும். விக்ட்ரஸ் என்ற கலிஃபோர்னியா கம்பெனியின் கார் பாடி மோல்டுகளை 1961-ல் லடாவ்ரி வாங்கியது. ஒரே பாடிக்கு இரண்டு பெயர்!

மோல்டு துண்டு துண்டாக இருந்தால் உடைந்தது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பில் டெவின் என்பவர் 1950-களில் சிறு சிறு மோல்டுகளைச் சேர்த்துப் பொருத்தி, வெவ்வேறு சேஸிஸ்களுக்கு ஏற்ப 27 அளவுகளில் பாடி விற்றார்.

அசலா, நகலா?

உறுதியான தீர்ப்பு சொல்ல ஒரே அடையாளம் போதாது. ஆனால் சில தடயங்கள் உண்டு.

• ஓடிய காரின் கீறல், நெளிவு, அடைக்கப்பட்ட போல்ட் ஓட்டை, பட்டி போட்ட தடம் ஆகியவை மோல்டில் பதிந்திருந்தால், அது பெரும்பாலும் ஸ்பிளாஷ்.

• கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் மழுங்கியிருக்கும். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும் என்பதால், நகலின் நகலில் அளவும் கொஞ்சம் குறையலாம்.

• தயாரிப்புக்கென்றே செய்த மோல்டு பொதுவாகத் தடிமனாக இருக்கும். பின்னால் இரும்பு அல்லது மரச் சட்டம், துண்டுகளை போல்ட் போட்டு இணைக்க ஒழுங்கான விளிம்பு எல்லாம் இருக்கும். அவசரத்தில் எடுத்த ஸ்பிளாஷ் மெல்லிசாக, சட்டம் இல்லாமல் இருக்கும்.

அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. பல வருஷம் சாய்த்து வைத்த மோல்டு முறுக்கியிருக்கலாம். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு ஒத்துப்போக வேண்டும். நாணயத்தால் தட்டினால் ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்கும் இடங்களில் அடுக்குகள் பிரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

விரிசல்களை அடைத்து, நனைத்துத் தேய்த்து, பளபளப்பு வரும்வரை பாலிஷ் செய்ய வேண்டும். பிறகு பல கோட் வாக்ஸ். ஒவ்வொரு கோட்டுக்கும் இடைவெளி விட்டு. அதன் மேல் பிவிஏ திரவம். இது பணியாரச் சட்டிக்கு எண்ணெய் தடவுவது மாதிரி. தடவாவிட்டால் பணியாரம் பிய்ந்துபோகும். இங்கே சட்டியும் சேர்ந்து போய்விடும்!

எனவே முழு பாடியில் இறங்கும் முன், மோல்டின் ஒரு மூலையில் சின்னத் துண்டு ஒன்றை வார்த்துக் கழற்றிப் பார்ப்பது கட்டாயம். சுலபமாகப் பிரிந்து வந்தால் மட்டுமே அடுத்த கட்டம்: முதலில் ஜெல் கோட், பிறகு ஃபைபர் மேட்டும் ரெசினும். காற்றுக் குமிழ் இல்லாமல் ரோலரால் அழுத்த வேண்டும். முழுசாக இறுகும் முன் கழற்றினால் பாடி கோணிவிடும்.

பாதுகாப்பு முக்கியம். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவிக்குத் துணி மாஸ்க் போதாது. ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி மாஸ்க் வேண்டும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி அணியாமல் தொடக் கூடாது.

இங்கே செய்தால் ரோட்டில் ஓட்ட முடியுமா?

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்ன அடிப்படை அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பாடியையே மாற்றும் ஐடியா இருந்தால், ரெசின் வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று: மோல்டு கையில் இருப்பதும், அந்த காரின் பெயரைச் சொல்லி விற்கும் உரிமையும் வேறு வேறு. நகலிலிருந்து எடுத்த பாடியை ‘நகல்’ என்றே சொல்லி விற்பதுதான் நேர்மை. மோல்டு எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து வந்தது, என்ன அளவு என்பதை அதன் பின்பக்கத்திலேயே பெயின்ட்டால் எழுதி வையுங்கள். முன்பு வைத்திருந்தவர்கள் இதைச் செய்திருந்தால், இன்று டார்ச்சும் டேப்புமாக இவ்வளவு தேட வேண்டியிருக்காது.