கன்றுக்குட்டிக்குக் கீழே என்ன தரை?



மார்கழி விடியற்காலையில் தொழுவத்துக்குப் போகிறீர்கள். சிமெண்டுத் தரையில் வெறுங்கால் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. பக்கத்தில் காய்ந்த மண்தரையில் அவ்வளவு தெரிவதில்லை. இரண்டும் ஒரே குளிரில் கிடந்தவைதானே? ஆனால் சிமெண்டுத் தரை உங்கள் காலிலிருந்து சூட்டை வேகமாக வாங்கிக்கொள்கிறது. உங்களுக்கு ஒரு நிமிஷம்தான். நேற்றுப் பிறந்த கன்றுக்கு ராத்திரி முழுக்க அப்படித்தான்.

இந்தக் கடத்தும் திறனை எப்படி அளக்கிறார்கள்? ஒரு மெல்லிய ஊசிக்குள் சூடேற்றும் கம்பியும் வெப்பம் காட்டும் கருவியும் இருக்கும். அதை மண்ணில் செருகி, ஒரே அளவாக மின்சாரம் விடுவார்கள். கான்கிரீட் என்றால் துளை போட்டுச் செருகுவார்கள். ஊசி மளமளவென்று சூடேறினால், சுற்றியுள்ள பொருள் சூட்டைக் கடத்தவில்லை என்று அர்த்தம். மெதுவாக ஏறினால் நன்றாகக் கடத்துகிறது.

ஒரு மீட்டர் கனமுள்ள பொருளில், இரு பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் சூடு போகிறது என்பதுதான் கணக்கு. காய்ந்த மணலுக்குச் சுமார் 0.3, தண்ணீர் நிரம்பிய மணலுக்குச் சுமார் 2, சாதாரணக் கான்கிரீட்டுக்கு 1 முதல் 2 வரை.

பார்த்தீர்களா? மணல் ஒன்றேதான், ஈரம் சேர்ந்ததும் கான்கிரீட்டைப் போல ஆகிவிட்டது! காய்ந்த மண்ணில் இடுக்கெல்லாம் காற்று. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே மாதிரி இரண்டு டின்களில் ஒன்றில் காய்ந்த மணல், மற்றதில் ஈரமணல் நிரப்பி ராத்திரி முழுக்க ஒன்றாக வையுங்கள். காலையில் இரண்டையும் சுடுதண்ணீர் உள்ள அகலப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். தண்ணீர் டின்னுக்குள் போகக் கூடாது. மணலின் நடுவே வெப்பமானி வைத்து, இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் குறியுங்கள். ஈரமணல் முந்திக்கொள்ளும். இது துல்லியமான அளவு இல்லை. ஆனாலும் விஷயம் விளங்கும்.

ஆகவே, சிமெண்டுத் தரை போட்டவர்கள் அதை உடைக்க வேண்டாம். கழுவ வசதியான தரைதான். கன்று படுக்கும் இடத்தில் மட்டும் காய்ந்த வைக்கோலைக் கனமாகப் பரப்புங்கள். வைக்கோலுக்குள் நிற்கிற காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. மூத்திரத்தில் நனைந்துவிட்டால் அந்தப் பலன் போச்சு, அன்றன்றே மாற்றிவிடுங்கள். மண்தரை வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்: தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

இன்று ராத்திரி படுக்கப்போகுமுன் கன்றுக்குக் கீழே ஒரு தரம் கையை வைத்துப் பாருங்கள்.