வீட்டு எந்திரங்கள் – 9: ஏழு என்றால் ஏழு டிகிரி அல்ல

ராயக்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான் செருப்பைக் கழற்றியதுமே கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கதவைத் திறந்து காட்டினாள். ஃப்ரீசருக்கு நேர் கீழே இருந்த தட்டில் அரைக்கீரைக் கட்டு விறைத்துக் கிடந்தது. இலையைத் தொட்டால் நொறுங்கியது. கதவுத் தட்டில் வைத்த பாலோ அன்று காலை அடுப்பில் ஏற்றியதும் திரிந்துவிட்டதாம்.

"ஏழு டிகிரிதானேடா வச்சிருக்கேன். அதுல எப்படிக் கீரை உறையும்?"

குமிழ் 7-இல் நின்றது. எத்தனையோ வீடுகளில் இதே குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். குமிழில் உள்ள எண் டிகிரி கணக்கே அல்ல. கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்பதற்கான அளவு அது. எண் ஏற ஏறக் குளிரும் ஏறும். குறைந்த குளிர் போதும் என்று நினைத்து அக்கா வைத்த 7, அந்தப் பெட்டியால் முடிந்த உச்சக் குளிர். அதுவும் மார்கழி மாதம். மலைச்சரிவுக் காற்றில் சமையலறையே சில்லிட்டுக் கிடக்கும் ஊரில், 3 தாராளம்.

சரியான டிகிரியை அறிய ஒரே வழிதான் உண்டு. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்து, மறுநாள் பார்க்க வேண்டும். 4 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. 5-ஐத் தாண்டினால் கிருமிகள் வேகமாகப் பெருகத் தொடங்கும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18. குமிழை ஒரு எண் திருப்பினால் முழுதாக ஒரு நாள் பொறுக்க வேண்டும். மணிக்கொரு தரம் திருப்பிக்கொண்டிருந்தால் எந்த முடிவும் கிடைக்காது.

குமிழைத் திருப்பியதோடு பாலின் வழக்கு தீரவில்லை. உச்சக் குளிரிலும் பால் கெட்டது என்றால், எங்கிருந்தோ சூடு உள்ளே வருகிறது. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் பாதி உள்ளே இருக்கும்படி வைத்துச் சாத்தினேன். இழுத்தபோது கீழ்மூலையில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. நல்ல ரப்பர் என்றால் நோட்டை இறுக்கிப் பிடிக்கும். ரப்பரில் குறையில்லை. தரைதான் வாட்டமாக இருந்தது. பெட்டி முன்பக்கம் சாய்ந்து நின்றதால் கதவு முழுதாக ஒட்டவில்லை. முன்கால் இரண்டையும் திருகி, முன்பக்கம் ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும்படி செய்தேன். பாதி திறந்து விட்டால் தானே வந்து சாத்திக்கொண்டது.

ஃபிரிட்ஜின் வேலை உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுவது. சூட்டை அண்டவிடாமல் காப்பது பாதி வேலை. 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஏரிப் பனிக்கட்டி கப்பலேறி வந்தது. நான்கு மாதப் பயணம், எந்த எந்திரமும் கிடையாது. மரத்தூளைச் சுற்றி அடைத்தே, முழுதும் கரைந்துவிடாமல் அனுப்பிவைத்தார் ஐஸ் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், அப்படிக் கப்பலேறி வந்த கட்டிகளுக்காக 1842-இல் எழுந்தது. அந்த மரத்தூள் செய்த வேலையை இந்த ரப்பர் செய்கிறது.

கதவுத் தட்டு எப்போதும் பெட்டியிலேயே சூடு கூடிய இடம். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படும். பாலை உள்தட்டுக்கு மாற்றினோம்.

அக்காவுக்கு இன்னொரு பயம். பக்கச் சுவர் சுடுகிறதாம். இப்போதைய பல ஃபிரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் பக்கத் தகட்டுக்குள்ளேயே ஓடுகிறது, அதனால் வெதுவெதுப்பது இயல்பு. அந்தச் சூடு போக வழி வேண்டும். சுவரோடு அணைந்திருந்ததை ஒரு சாண் நகர்த்தினேன்.

ஓசூரிலிருந்து குட்டி யானையில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்களாம். வந்த அரை மணியில் சுவிட்சும் போட்டாயிற்று. படுக்கவைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். நிமிர்த்திச் சில மணி நேரம் சும்மா விட்டால்தான் இறங்கும். நல்ல வேளை, எதுவும் ஆகவில்லை. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். ஃப்ரீசர் ஐஸைக் கத்தியால் குத்தவே கூடாது, குழாய் ஓட்டையாகி வாயு கசியும். பின்புறச் சீட்டில் ஆர்-600ஏ என்றிருந்தது. ஐசோபியூட்டேன், எரியக்கூடிய வாயு. குமிழின் நடுவில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் ஐஸ் தானே உருகிவிடும்.

பிறகு காய்கறி டிரேயை இழுத்தேன். நிறையத் தக்காளி. பாதி செங்காய்.

ராயக்கோட்டை என்றாலே தக்காளி மண்டிதான். விடியற்காலையில் கிரேட் கிரேட்டாக வந்து இறங்கி, லாரியேறி ஊர் ஊராகப் போகிறது. விலை விழுந்தால் பறிகூலிக்கும் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அவ்வளவு பாடுபட்டு விளைந்த பழத்தைக் குளிரில் வைத்துச் சுவை இழக்கச் செய்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சுமார் 12 டிகிரிக்குக் கீழே செங்காயை நாள்கணக்கில் வைத்தால் அது ஒழுங்காகப் பழுக்காது. நிறம் திட்டுத்திட்டாக நின்று, தோலில் குழி விழுந்து, வெளியே எடுத்ததும் அழுகும்.

பழுத்ததும் தப்பாது. 2016-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஏழு நாள் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. மணம் தரும் பொருள்கள் சரிந்துவிட்டன. அவற்றை உண்டாக்கும் மரபணுக்களே அடங்கிப்போயின. மறுபடி ஒரு நாள் வெளியே வைத்தும் அந்த மணம் முழுதாகத் திரும்பவில்லை. ஃபிரிட்ஜ் தக்காளியில் வைத்த ரசம் மணக்காததற்குக் காரணம் புரிகிறதல்லவா?

"அப்ப இவ்வளவையும் எங்கடா வைக்கிறது?"

செங்காயை முறத்தில் பரப்பி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, வெயில் படாத ஜன்னலோரம் வைத்தோம். கீரைக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றேன். பழுக்கும் தக்காளி விடும் எத்திலீன் கீரையை மஞ்சளாக்கிவிடும். கனிந்து உடையப்போகும் பழங்களை மட்டும், நாளைக்கே தொக்குக்கு என்று சொல்லி உள்ளே வைத்தாள்.

மறுநாள் காலை தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். 4-க்கும் 5-க்கும் நடுவில் நின்றது. கோட்டைச் சரியாகப் படிக்க வெளிச்சத்துக்காகக் கதவைத் திறந்தே பிடித்திருந்தேன்.

"மூடுடா மொதல்ல, சூடு உள்ள போகுது" என்றாள் அக்கா.

(தொடரும்)