மூன்று ஓர் அளவு, ஒன்று வேறு அளவு

பஞ்சரான டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிவிட்டால் பலருக்கும் பிரச்சினை அத்தோடு முடிந்துவிடுகிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும் பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம் என்பார்கள். அது அடுத்த வாரமாகி, அடுத்த மாதமாகி, கடைசியில் அந்த ஸ்டெப்னியே நிரந்தரமாகிவிடுவதும் உண்டு. நான்கு டயரும் ஸ்டெப்னியும் ஒரே அளவில் இருந்த காலத்தில் இதனால் பெரிய கெடுதல் வந்ததில்லை. இன்று பல கார்களில் நிலைமை அப்படியில்லை. ஓடும் நான்கும் பெரிய அலாய் வீல், டிக்கியில் கிடப்பது அதைவிடச் சின்ன இரும்பு வீல். சில கார்களில் அதைவிடவும் ஒல்லியான தற்காலிக டயர்தான் வருகிறது.

வித்தியாசம் எவ்வளவு என்பதை டயரின் பக்கவாட்டிலேயே படித்துவிடலாம். 215/60 ஆர்17 என்று இருந்தால் டயரின் அகலம் 215 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 129 மி.மீ. ரிம்மின் விட்டம் 17 அங்குலம். எல்லாம் சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 690 மி.மீ. அதே காரின் ஸ்டெப்னி 205/65 ஆர்16 என்றால் அதன் விட்டம் 673 மி.மீ.தான். 17 மி.மீ. குறைவு. கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் பெரிய டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 461 முறை சுற்றும்போது சின்னது 473 முறை சுற்றியாக வேண்டும். சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் அந்த ஒரு சக்கரம் மட்டும் சுமார் 3,800 சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கும்.

அந்தக் கூடுதல் சுற்றை முதலில் தாங்குவது டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுவதற்காகவே அதற்குள் சின்னச் சின்ன பல்சக்கரங்கள் இருக்கின்றன. நேர்ச்சாலையில் அவற்றுக்கு வேலை கிடையாது. இன்ஜின் இழுக்கும் சக்கரங்களில் ஒன்று மட்டும் சின்னதாகிவிட்டால், நேராகப் போகும்போதும் அவை ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்து ஊர் பஞ்சர் கடை வரைக்கும் ஒன்றும் ஆகாது. நெடுஞ்சாலையில் வேகமாக, மணிக்கணக்கில் ஓட்டினால் எண்ணெய் சூடேறும், தேய்மானம் கூடும்.

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றை முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன. பிரேக்கின் பெரும்பங்கும், ஸ்டியரிங்கும் முன்பக்கத்தில்தான். எனவே அளவு மாறிய ஸ்டெப்னிக்குப் பொருத்தமான இடம் பின்பக்கம். முன்டயர் பஞ்சரானால், பின்னாலிருந்து ஒரு நல்ல டயரைக் கழற்றி முன்னே போட்டு, ஸ்டெப்னியைப் பின்னே மாட்டுவதுதான் சரி. இருமுறை ஜாக்கி ஏற்ற வேண்டும், வெயிலில் கஷ்டம்தான். வண்டிகள் பறக்கும் சாலையோரத்தில் இதைச் செய்ய வேண்டியதில்லை. அப்போதைக்கு ஸ்டெப்னியை முன்னே மாட்டி, மெதுவாக ஓட்டிப் பாதுகாப்பான இடம் சேர்ந்தபின் செய்யலாம்.

நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் கார் என்றால் கணக்கு இன்னும் கடுமை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள இணைப்பும் இந்த வித்தியாசத்தைத் தாங்கியாக வேண்டும். இத்தகைய கார்களுக்குப் பெயர்போன சுபாரு நிறுவனம், டயர்களின் சுற்றளவுக்குள் கால் அங்குலத்துக்கு, அதாவது சுமார் 6 மி.மீ.க்கு, மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. மேலே பார்த்த இரண்டு டயர்களின் சுற்றளவில் உள்ள வித்தியாசம் 53 மி.மீ.!

மின்னணுப் பாகங்களும் குழம்பும். ஏபிஎஸ், ஒவ்வொரு சக்கரமும் சுற்றும் வேகத்தை அளந்து ஒப்பிட்டுத்தான் எது வழுக்குகிறது என்று முடிவு செய்கிறது. சில கார்களில் காற்று குறைந்ததையும் இதே முறையில்தான் கண்டுபிடிக்கிறார்கள். காற்று இறங்கிய டயர் சற்று சின்னதாகி வேகமாகச் சுற்றும். சின்ன ஸ்டெப்னியும் அப்படியே சுற்றுவதால், காற்று சரியாக இருந்தும் டேஷ்போர்டில் விளக்கு எரியலாம்.

ஒல்லியான தற்காலிக டயரின் அளவுக்கு முன்னால் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதே என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். அதற்குப் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். மற்ற டயர்களைப் போல 33 அடித்தால் போதாது. ஈரச் சாலையில் அதன் பிடிப்பு குறைவு, பிரேக் அடித்தால் வண்டி நிற்கவும் கூடுதல் தூரம் வேண்டும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதை மாட்டியபடியே நூறில் போவது ஆபத்து.

அளவு ஒன்றாக இருந்தும் தேய்மானம் மாறலாம். புது டயரில் பட்டன் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். 3 மி.மீ.க்குத் தேய்ந்ததன் ஜோடியாகப் புதிதாக ஒன்றை மாட்டினால் விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம் வந்துவிடுகிறது. அதனால்தான் ஒரே அச்சுக்கு இரண்டாக வாங்கச் சொல்கிறார்கள். அந்தப் புது ஜோடியை முன்னால் போடத்தான் பலருக்கும் தோன்றும். டயர் நிறுவனங்கள் பின்னால் போடச் சொல்கின்றன. மழைநீரில் முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

வயதும் ஒரு வித்தியாசம்தான். ஸ்டெப்னி ஓடாவிட்டாலும் அதன் ரப்பர் இறுகிக்கொண்டே வரும். 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் ஹைண்ட்ஹெட் அருகே, இசை விழா முடிந்து திரும்பியவர்களை ஏற்றி வந்த பஸ்ஸின் முன்டயர் பழுதாகி விபத்து நேர்ந்தது. 3 பேர் இறந்தார்கள். அந்த டயருக்கு வயது 19 ஆண்டுக்கும் மேல். பஸ்ஸைவிட மூத்த டயர். மகனைப் பறிகொடுத்த ஃபிரான்சஸ் மோலாய் என்ற தாய், பழைய டயர்களுக்குத் தடை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரியிலிருந்து பிரிட்டனில் லாரி, பஸ்களின் முன் அச்சில் 10 ஆண்டு கடந்த டயர் ஓடக் கூடாது.

இந்தியாவில் 2020-இல் ஸ்டெப்னி பற்றிய விதியே மாறியது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. புதுக் கார் வாங்குபவர்கள் டிக்கியைத் திறந்து, உள்ளே இருப்பது எந்த அளவு ஸ்டெப்னி, அல்லது ஸ்டெப்னியே இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும்போது ஸ்டெப்னியையும் வெளியே எடுத்துப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 10 ஆண்டு ஆகிவிட்டால் ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத ஸ்டெப்னியானாலும் மாற்றிவிடுங்கள். இன்னும் வயது இருக்கிறதென்றால், அதற்கு எத்தனை பிஎஸ்ஐ என்று பார்த்து அந்த அளவுக்குக் காற்றடித்து வையுங்கள்.