மலையேறும் திராட்சை

சிங்கப்பெருமாள் கோயிலில் மே மாத நண்பகலில் நிற்பவருக்கு வெப்பத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கடல் மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்த இச்செங்கற்பட்டுச் சமவெளியில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 28° செ. ஆனால் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அது சுமார் 14° செ. இரு ஊர்களுக்கும் ஒரே சூரியன்தான். பின் ஏன் இந்த வேறுபாடு? திராட்சைக் கொடி ஒன்றைத் துணைக்கொண்டு இதை ஆராய்வோம்.

குளிரை நாடும் கொடி

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் பினோ நுவார் என்னும் கருந்திராட்சை பயிராகிறது. புகழ்பெற்ற செந்நிற ஒயின் இதிலிருந்து கிடைப்பதே. இதன் சாறு ஏறத்தாழ நிறமற்றது. சிவப்பு நிறம் தோலிலுள்ள அந்தோசயனின் என்னும் நிறமியால் வருகிறது. இவ்வகையின் தோலோ மெல்லியது, நிறமியும் குறைவு.

வெப்பம் மிகுந்தால் நிறமி உருவாவது தடைப்படும். பழத்தின் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலம் சுவாசித்தலில் விரைவாகச் செலவாகிவிடும். சர்க்கரை மட்டும் ஏறும். புளிப்பற்ற பழத்தின் ஒயின் சுவையற்றது. எனவே, வளர்பருவச் சராசரி 14° முதல் 16° வரை உள்ள இடமே இக்கொடிக்கு ஏற்றது.

உயரம் தரும் குளிர்

சூரிய ஒளியின் பெரும்பகுதி காற்றை ஊடுருவி நிலத்தைச் சூடாக்குகிறது. நிலம் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழும்போது அங்கு அழுத்தம் குறைவாதலால் விரிகிறது. விரிவதற்குத் தேவையான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர்கிறது. சைக்கிள் பம்பில் காற்றை அழுத்தும்போது அதன் அடிப்பகுதி சுடுவதை அறிவீர்கள். இது அதன் எதிர்ச்செயல்.

உலர்ந்த காற்று இவ்வாறு 1,000 மீட்டருக்கு 9.8° குளிரும். ஈரக்காற்றில் நீராவி மேகமாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால் குளிர்ச்சி குறையும். வளிமண்டலத்தின் பொதுச் சராசரி 6.5°. உதகமண்டலத்துக்குக் கணக்கிடுங்கள்: 2.24 × 6.5 = 14.6°. சமவெளியின் 28 பாகையிலிருந்து இதைக் கழித்தால், மீதி சுமார் 13.4°!

பர்கண்டிக்குக் குளிர் தருவது அதன் 47° வட அட்சரேகை. வெப்பமான பகுதியினர் அதே குளிரை உயரத்தால் பெறலாம். அர்ஜென்டினாவின் சால்டா மாநிலம் சுமார் 25° தென் அட்சரேகையில் உள்ளது. ஆயினும் அங்கு 3,000 மீட்டருக்கு மேலும் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. உயரத்தில் புற ஊதாக் கதிர்களும் 1,000 மீட்டருக்குச் சுமார் 10 விழுக்காடு கூடுகின்றன. அவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் கொடி தோலில் நிறமியை மிகுதியாகச் சேர்க்கிறது.

உதகை ஏன் பர்கண்டி ஆகவில்லை?

சராசரி ஒன்றே போதாது. பர்கண்டியில் ஜனவரி சுமார் 2°, ஜூலை சுமார் 20°. கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் துளிர்த்து, நீண்ட கோடைப் பகல்களில் பழுக்கிறது. உதகையிலோ மாதங்களுக்கிடையே சில பாகைகளே வேறுபாடு, கொடிக்கு உறக்கமில்லை. இரு பருவமழைகளின் ஈரத்தில் பூஞ்சை நோய்களும் எளிதில் பற்றும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை நன்கு விளைகிறதே எனலாம். அது வெப்பம் தாங்கும் வகை. அங்கும் குளிர்காலம் செய்ய வேண்டிய வேலையை உழவர் கவாத்துக் கத்தியால் செய்கிறார்.

உயரத்துக்கும் எல்லை உண்டு

பர்கண்டியின் போன் நகரில் அறுவடைத் தேதிகள் 1354 முதல் பதிவாகியுள்ளன. 1988 முதல் 2018 வரையிலான ஆண்டுகளில் அறுவடை, முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட 13 நாட்கள் முன்னதாகத் தொடங்கியதாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. பூமி சூடேறுவதற்குத் திராட்சையே சாட்சி.

வெப்பம் 1° உயர்ந்தால், பழைய குளிரைப் பெறப் பயிர் சுமார் 150 மீட்டர் மேலேற வேண்டும். இது திராட்சைக்கு மட்டுமன்று. நீலகிரியின் தேயிலைக்கும் காரட்டுக்கும் பொருந்தும். உதகையிலிருந்து தொட்டபெட்டா உச்சி ஏறத்தாழ 400 மீட்டர் உயரம். அஃதாவது சுமார் இரண்டரைப் பாகை. அதற்கு மேல் ஏற நீலகிரியில் மலை இல்லை.