13 ஆட்டம், 13 வெற்றி... ஆனாலும் வாய்ப்பு இல்லை! அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் ரேங்கிங்கில் என்ன நடக்கிறது?

ஆடிய 13 ஆட்டத்திலும் வெற்றி. லீக் சாம்பியன் பட்டமும் கையில். ஆனாலும் தேசிய சாம்பியன்ஷிப் போட்டிக்குள் நுழைய முடியவில்லை. 2023 டிசம்பர் 3-ம் தேதி அமெரிக்காவின் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு நடந்தது இதுதான். அந்த அணிக்கு 5-வது இடம். ஒரு ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமாவுக்கு 4-வது இடம். அப்போது முதல் 4 அணிகளுக்கு மட்டும்தான் வாய்ப்பு!

பாயின்ட்ஸ் டேபிள் கிடையாதா?

கிடையாது. இது காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். கல்லூரிகளின் உயர்மட்டப் பிரிவில் மட்டும் 130-க்கும் அதிகமான அணிகள். வழக்கமான சீசனில் ஒரு அணிக்கு 12 ஆட்டங்கள்தான். எல்லாரும் எல்லாரோடும் மோத முடியாது. 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் தனித்தனி லீக்குகளில் ஆடுகிறார்கள். ஒரு லீக்கில் எதிரணிகள் பலம், இன்னொன்றில் சுமார். அதனால் 10 வெற்றிக்கு எல்லா இடத்திலும் ஒரே மதிப்பு இல்லை.

1936-ல் ஏபி செய்தி நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் ஓட்டு வாங்கி தரவரிசை போடத் தொடங்கியது. பல ஆண்டுகள் சாம்பியன் யார் என்பதையே இப்படிப்பட்ட ஓட்டுகள்தான் முடிவு செய்தன. 1997-ல் பத்திரிகையாளர்கள் மிச்சிகனையும், பயிற்சியாளர்கள் நெப்ராஸ்காவையும் தேர்ந்தெடுக்க, ஒரே ஆண்டில் ரெண்டு சாம்பியன்! அடுத்த ஆண்டு கம்ப்யூட்டர் கணக்கையும் சேர்த்தார்கள். 2014 சீசனிலிருந்து 13 பேர் கொண்ட தேர்வுக்குழு முடிவு செய்கிறது.

ஃப்ளோரிடா ஸ்டேட் செய்த தப்பு என்ன?

தப்பே இல்லை. நவம்பர் 18-ல் அணியின் குவார்ட்டர்பேக் ஜோர்டான் டிராவிஸுக்குக் காலில் பலத்த காயம். அணியின் ஆட்டத்தையே நடத்துபவர் அவர்தான். அவர் இல்லாமலும் அடுத்த ரெண்டு ஆட்டங்களில் ஜெயித்தார்கள். ஆனால் முக்கிய வீரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கக் குழுவின் விதியில் இடமுண்டு. 'இதுவரை சாதித்தது யார்' என்பதை விட 'இனிமேல் நன்றாக ஆடப்போவது யார்' என்று குழு பார்த்தது. ஆடாத ஆட்டத்துக்கு முன்கூட்டியே மார்க் போட்ட கதைதான்! என் கால் சீசன் தொடக்கத்திலேயே உடைந்திருக்கக் கூடாதா, அணியின் பலம் தெரிந்திருக்குமே என்று டிராவிஸ் வேதனையோடு பதிவிட்டார்.

அரையிறுதியில் மிச்சிகனிடம் அலபாமா கூடுதல் நேரத்தில் தோற்றது. ஃப்ளோரிடா ஸ்டேட் ஆறுதல் போல ஆடிய ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 எனச் சிதறியது. பல முன்னணி வீரர்கள் அதில் ஆடவில்லை. குழு செய்தது சரிதான் என்பவர்களும், மனம் உடைந்த அணி வேறென்ன செய்யும் என்பவர்களும் இதே ஸ்கோரைத்தான் காட்டுகிறார்கள்.

இப்போது மாறிவிட்டதா?

2024 முதல் 12 அணிகள். அந்த ஆண்டு தரவரிசையில் முன்னிலையில் இருந்த 5 லீக் சாம்பியன்களுக்கு இடம் கிடைத்தது, மீதி 7 இடம் ரேங்கிங்படி. ரெண்டு தோல்வியோடு 8-வது சீடாக வந்த ஒஹாயோ ஸ்டேட், 2025 ஜனவரி 20-ல் நோட்ர டாமை 34-23 என வென்று கோப்பையைத் தூக்கியது. பழைய முறையில் அந்த அணி உள்ளேயே வந்திருக்காது.

சண்டை மட்டும் ஓயவில்லை, கடைசி இடத்துக்கு நகர்ந்துவிட்டது. 2024-ல் அங்கே எஸ்எம்யூ அணி உள்ளே வர, வெளியே நின்றது 3 ஆட்டங்களில் தோற்ற அலபாமா!