அடுக்கில் ஒரு விலை, ரசீதில் வேறு விலை: பயனீட்டாளரின் உரிமை என்ன?

சம்பளம் கைக்கு வந்ததும் பட்டணத்துப் பேரங்காடிக்குச் சென்று மாதச் சாமான்களை வாங்கி வருவது இன்று தோட்டக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கமாகிவிட்டது. முன்பு தோட்டத்துக் கடையில் கடைக்காரர் விலையைச் சொல்லி, நம் கண்ணெதிரே பற்றுப் புத்தகத்தில் எழுதுவார். பேரங்காடியில் விலையைச் சொல்வார் எவருமில்லை. பணம் செலுத்தும் முகப்பில் கருவி ஒலி எழுப்புகிறது. திரையில் தொகை தோன்றுகிறது. அத்தொகை அடுக்கில் கண்ட விலையைவிடக் கூடுதலாக இருப்பின் நாம் என்ன செய்யலாம்? சட்டம் நமக்கு அளிக்கும் பாதுகாப்பு என்ன? இவற்றை ஈண்டு விளக்குவோம்.

தவறு நேர்வது எங்ஙனம்?

பொருளின் மேலுறையில் காணப்படும் கறுப்புக் கோடுகளைப் பட்டைக் குறியீடு என்பர். அக்கோடுகளில் விலை அடங்கியிருப்பதாகப் பலர் கருதுகின்றனர். பொதுவாக அவற்றில் அடங்கியிருப்பது பொருளுக்குரிய எண் மட்டுமே. கருவி அந்த எண்ணைப் படித்தவுடன், கடையின் கணினி தன்னிடம் பதிவாகியுள்ள விலையை எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே, ஒரே பொருளுக்கு இரண்டு இடங்களில் விலை உண்டு: ஒன்று அடுக்கில் உள்ள விலைச் சீட்டில், மற்றொன்று கணினியில். கணினியில் விலையை உயர்த்திய பின் பழைய சீட்டை அகற்ற மறந்தாலும், மலிவு விற்பனையை அறிவித்துவிட்டுக் கணினியில் விலையைக் குறைக்கத் தவறினாலும் இரண்டும் முரண்படுகின்றன.

இங்கு ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். கணினியில் உள்ள ஒரு பிழை ஒருவரோடு நிற்பதில்லை. அது திருத்தப்படும் வரை, அப்பொருளை வாங்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் அதே கூடுதல் தொகை பெறப்படுகிறது.

சட்டம் கூறுவது என்ன?

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 12ஆம் பிரிவில், விலையைக் குறித்துப் பயனீட்டாளரைத் தவறான எண்ணம் கொள்ளச் செய்வதைக் குற்றமாக்கியுள்ளது. முதலில் சரியாக இருந்த விலை அறிவிப்பு பின்னர் பொருந்தாமற் போனாலும், மக்கள் அதனை நம்பி ஏமாறாதிருக்கத் தக்க நடவடிக்கை எடுப்பது விற்பவரின் கடமையாகும். பழைய சீட்டை அடுக்கிலேயே விட்டுவைப்பதும் இதனுள் அடங்கும்.

எனினும், சீட்டில் கண்ட விலைக்கே விற்றாக வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டப்படி கடையைக் கட்டாயப்படுத்த இயலாது. பொருளை அடுக்கில் வைப்பது, வாங்க வருமாறு விடுக்கும் அழைப்பு மட்டுமே. முகப்பில் கடை ஒப்புக்கொள்ளும்போதுதான் விற்பனை உறுதியாகிறது. இவ்விதி நமக்கும் துணை நிற்கிறது: விலை மாறுபட்டால் அப்பொருளை வேண்டாமென்று விட்டுவிடும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு.

பணம் செலுத்திய பின் பிழை தெரியவந்தால்? தவறுதலாகச் செலுத்தப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவில் கூறுகிறது. ஆகவே, வேறுபாட்டுத் தொகையைக் கேட்பது சலுகை கோருவதாகாது. ஆனால், பிழைக்காகப் பொருளை இலவசமாகவோ, குறிப்பிட்ட தொகையை இழப்பீடாகவோ தரவேண்டுமென்று நம் நாட்டுச் சட்டம் வரையறுக்கவில்லை.

முகப்பில் செய்ய வேண்டியவை

எடுத்துக்காட்டாக, பால்மாவின் சீட்டில் 18 வெள்ளி 90 காசு என்றும், திரையில் 21 வெள்ளி 50 காசு என்றும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடு 2 வெள்ளி 60 காசு. பின்னால் வரிசை நீண்டிருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. பணியாளரிடம் அமைதியாக எடுத்துக்கூறி, அடுக்கை வந்து பார்க்குமாறு கேளுங்கள். அதற்கு முன், அந்தச் சீட்டு அதே பொருளுக்கும் அதே எடைக்கும் உரியதா, உறுப்பினர் அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் உரிய விலையா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் விலைச் சீட்டையும் ரசீதையும் படம் எடுத்து வைப்பது நலம். ரசீதின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும், படம் மங்காது.

ஓரிரு காசு வேறுபாட்டைப் பிழையென்று கருதிவிடக்கூடாது. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு, ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்யப்படுகிறது. 1, 2, 6, 7 எனும் இலக்கங்களில் முடிந்தால் குறையும். 3, 4, 8, 9 என முடிந்தால் கூடும். மொத்தத் தொகைக்கே இது பொருந்தும். தனிப்பொருளின் விலைக்குப் பொருந்தாது.

கடை மறுத்தால் என் செய்வது?

இரண்டு வழிகள் உள்ளன. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம், இதற்குக் கட்டணமில்லை. தொலைபேசி எண் 1-800-886-800. அமைச்சின் அமலாக்க அதிகாரிகள் கடையைச் சோதித்து நடவடிக்கை எடுப்பர். பணத்தைத் திரும்பப் பெறுவதற்கோ மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, 3 ஆண்டுகளுக்குள் அங்கே கொண்டு செல்லலாம். பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை. நம் வழக்கை நாமே எடுத்துரைக்கலாம். தீர்ப்பாயத்தின் முடிவுக்கு 14 நாள்களுக்குள் கட்டுப்படாதது குற்றமாகும்.

இரண்டு வெள்ளிக்காகத் தீர்ப்பாயம் செல்வதா என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் அதற்குத் தேவையிராது. முகப்பிலேயே எடுத்துச் சொன்னால் போதும். ஆயினும், சிறு தொகை என்று வாளாவிருந்தால் அப்பிழை அப்படியே நீடிக்கும். அதே பால்மாவை அடுத்து வாங்க வருபவர் உங்கள் அண்டை வீட்டாராகவும் இருக்கலாம்.

விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி ஈட்டிய பணம் இது. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றனர் நம் முன்னோர். ரசீதை வாங்குங்கள்; முகப்பை விட்டு அகலுமுன் படித்துப் பாருங்கள்; பிழை கண்டால் தயங்காது கேளுங்கள்.